சலவை இயந்திரம் சுற்றவில்லை

ஹெல்சிங்கியில் நவம்பர்.
மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது.
ஐந்தாம் மாடியில் இல்மா ஹியத்தலா
நாடு முழுக்க நேற்றிரவு தட்டிய சொற்களைக்
கட்டம் கட்டமாகக் கொட்டி வைத்திருக்கிறாள்.

தேடல் என்ற சொல்லை நாம்
கொஞ்சம் உயரத்தில் தூக்கி வைத்துவிட்டோம்.
அவள் பட்டியலில் அது
பனிக்கால டயர், விலை.
குழந்தைக்கு பூட்ஸ், அளவு இருபத்தேழு.
கானரித் தீவு, கடைசி நேர டிக்கெட்.
கடவுளைத் தேடியவர்களும் இருந்தார்கள்.
எதையும் வாங்குவதில்லை என்பதால்
முதல் வடிகட்டலிலேயே போய்விட்டார்கள்.

கடைகளின் கணக்கு வந்துசேர ஆறு வாரம்.
அமைச்சகம் அதுவரை பொறுக்காது.
இன்றைய செலவை இன்றைக்கே சொல்ல வேண்டும்,
அதற்குத்தான் சம்பளம்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
இவளிடம் நாற்பது லட்சம் பருக்கை.
பானைதான் எங்கே என்று தெரியவில்லை.

செப்டம்பரில் ஒரு கோடு ஏறியது.
கிழக்கே, ஏரிகளுக்கு நடுவில்,
குஸிகோஸ்கி என்கிற சிற்றூரில்
சலவை இயந்திரம், சலவை இயந்திரம், சலவை இயந்திரம்,
வழக்கத்தைவிட மூன்று மடங்கு.
சுற்றியுள்ள ஊர்களிலும் அதே.
இல்மா எழுதினாள்:
வீட்டு உபயோகப் பொருட்கள், கூட்டல் இரண்டு புள்ளி நான்கு.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த வெய்க்கோ
"ஜனங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது" என்றான்.
அறிக்கையில் அது அப்படியே போனது.

இன்று கணக்கு வந்தது.
கழித்தல் மூன்று புள்ளி ஒன்று.

சூத்திரத்தை இரண்டு முறை பார்த்தாள்.
பருவத் திருத்தம் சரி. விடுமுறை நாட்கள் சரி.
எல்லோரும் கிளம்பிய பிறகு
தொகையை மூடிவிட்டு
வரிகளைத் திறந்தாள், தட்டிய நேரத்தோடு.

சலவை இயந்திரம் சுற்றவில்லை
சலவை இயந்திரம் பெல்ட் நாமே மாற்றுவது எப்படி
சலவை இயந்திரம் பழைய பெல்ட் கிடைக்குமா
காகித ஆலை குஸிகோஸ்கி எந்தத் தேதியில் மூடுகிறார்கள்
கம்பளிப் போர்வை கையால் துவைக்கலாமா
சலவை இயந்திரம் சுற்றவில்லை

இரவு ஒன்று நாற்பது.
இரண்டு ஐந்து.
இரண்டு பதினேழு.
ஒரே ஆளா, ஊர் முழுதுமா?
பெயர் கிடையாது அதில்.
சட்டம் அப்படி. நல்ல சட்டம்.

வாங்கப் போகிறவர் தேடுகிறார்.
வாங்க முடியாதவர் இன்னும் கூடுதலாகத் தேடுகிறார்.
இருவருக்கும் ஒரே கட்டத்தில்
ஒன்று, ஒன்று என விழுகிறது.

நம் மொழியில் 'கட' வரைக்கும் தட்டி நிறுத்தினால்
கடை, கடன், கடல், கடவுள்
எல்லாம் கீழே வந்து நிற்கும்.
அவள் மொழியில் எப்படியோ, எனக்குத் தெரியாது.
விரல் எங்கே நின்றது என்று குறித்துக்கொள்கிற கணினி
ஏன் நின்றது என்று கேட்டதில்லை.

ஏழு மணிக்குச் சூத்திரத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தாள்:
பெல்ட்.
முன்னால் கழித்தல் குறி.
பழைய மாதங்களை ஓட்டிப் பார்த்தாள்.
பிழை பாதியாகக் குறைந்தது.
சந்தோஷம்தான் வந்தது, அதை மறைக்க வேண்டாம்.
பிறகு கோட்டை மாட்டிக்கொண்டாள்.

டிராமில் கைபேசியை எடுத்து
என்னதான் வருகிறது பார்க்கலாம் என்று
அதே வரியைத் தட்டினாள்.
கட்டைவிரல் நகம் கறுத்த ஒருவர்
இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு
பெல்ட்டை எந்தப் பக்கமிருந்து ஏற்ற வேண்டும் என்று
பதினோரு நிமிடம் காட்டுகிறார்.
முகம் தெரியவில்லை. நடுவில் ஒரு நாய் வந்து போகிறது.
கீழே யாரோ எழுதியிருக்கிறார்கள்:
சுற்றுகிறது. நன்றி.

முழுவதும் பார்த்ததில்
இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது.
பனியில் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது.
நாளைக் காலை
ஹெல்சிங்கி வரிசையில்
ஒன்று கூடியிருக்கும்.
கழித்தல் குறியோடு.